சர்சாம்: ஹாஜிகளின் ஊசிக்குப் பின்னுள்ள வரலாறு

ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் இல்லங்களில் ஆண்டுதோறும் நாம் காணும் காட்சி ஒன்றுண்டு. இஹ்ராம் துணி வாங்கப்படுகிறது. கடன்கள் தீர்க்கப்படுகின்றன. உற்றாரிடமும் அண்டை அயலாரிடமும் மன்னிப்புக் கேட்கப்படுகிறது. துஆக்கள் மனனம் செய்யப்படுகின்றன. இத்தனைக்கும் நடுவே ஒரு நாள், ஊசி போட்டுக்கொள்வதற்காக முகாமுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. “என்ன ஊசி அது?” என்று கேட்டுப்பாருங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேர், “போட்டால்தான் விடுவார்களாம்” என்பார்கள். பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரையைப் போலக் கையில் குத்தும் முத்திரை என்றே பலரும் அதனைக் கருதிக்கொண்டிருக்கின்றனர்.

அந்த ஊசிக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் முஸ்லிம் ஹகீம்களின் ஏடுகள் இருக்கின்றன. ஆப்பிரிக்க வறண்ட நிலத்து மக்களின் கண்ணீர் இருக்கிறது. புனித மக்காவின் வீதிகள் இருக்கின்றன. நம் நாட்டுப் பூனா நகரின் ஆலை ஒன்றும் இருக்கிறது. அதனை அறிந்துகொள்ள எம்மைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. அதனை முடிவில் கூறுவோம்.

அன்னையர் இருவர்

நம் ஊர்களில் ‘மூளைக் காய்ச்சல்’ என்ற ஒரே பெயரால் இருவேறு நோய்களைக் குறிக்கிறார்கள். மூளையே அழற்சி கொள்வது ஒன்று; கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் அவ்வகையினது. மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் சவ்வுகள் அழற்சி கொள்வது மற்றொன்று. இதனை மூளைச்சவ்வு அழற்சி என்பர். ஆங்கில மருத்துவர் வழக்கில் மெனிஞ்சைட்டிஸ். ஹாஜிகளின் ஊசி இந்த இரண்டாவது நோயைத் தடுப்பதற்கு உரியது.

அச்சவ்வுகள் மூன்று. மண்டையோட்டை ஒட்டியிருப்பது தடித்தது. மூளையை ஒட்டியிருப்பது மெல்லியது. நடுவிலிருப்பது சிலந்தி வலை போன்றது. உள்ளிரு சவ்வுகளுக்கும் இடையே தெளிந்த நீர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய அரபு மருத்துவர்கள் தடித்த சவ்வை ‘அல்உம்முல் ஜாஃபியா’ என்றும், மெல்லிய சவ்வை ‘அல்உம்முர் ரகீகா’ என்றும் அழைத்தனர். முரட்டு அன்னை, மென்மையான அன்னை என்பது பொருள். சேயைத் தாய் அணைத்துக் காப்பதுபோல மூளையை அணைத்துக் காப்பதால் அவற்றுக்கு ‘உம்மு’ என்ற பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டில், அலீ இப்னு அப்பாஸ் அல்மஜூஸீயின் மருத்துவ நூலை லத்தீனில் பெயர்த்தவர், அன்னை என்ற சொல்லையும் அப்படியே பெயர்த்தார். இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் ‘தூரா மாதர்’, ‘பியா மாதர்’ என்று ஓதுகின்றார்களே, அந்த ‘மாதர்’ நம் அரபு ‘உம்மு’வின் மொழிபெயர்ப்பேயாகும்.

இந்த அன்னையர் மீது தீ மூட்டுவதே இந்நோய். அத்தீ மூளைக்கு மிக அண்மையில் எரிவதால், மற்ற நோய்களில் நாள் கணக்கில் நடப்பது இதில் மணிக் கணக்கில் நடந்துவிடுகிறது.

ராஸியின் ஒப்பீடு

பாரசீகத்தில் ‘ஸர்’ என்றால் தலை. ‘ஸாம்’ என்றால் வீக்கம். இரண்டும் சேர்ந்து ‘ஸர்ஸாம்’ ஆயிற்று. யூனானி ஹகீம்கள் வழக்கில் ‘சர்சாம்’ என்பதும் அதுவே. இப்பெயரால் அவர்கள் குறித்ததெல்லாம் இன்றைய மூளைச்சவ்வு அழற்சிதான் என்று சொல்லிவிட முடியாது. கடுங்காய்ச்சலில் பிதற்றும் வேறு நோயாளிகளும் அப்பெயருக்குள் அடங்கியிருப்பார்கள். ஆயினும் அவர்கள் எழுதிவைத்த அடையாளங்களைப் படிக்கும்போது வியப்பு மேலிடுகிறது.

கி.பி. 865 அளவில் ரய் நகரில் பிறந்து, அந்நகரிலும் பகுதாதிலும் மருத்துவமனைகளை நடத்திய முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸியின் குறிப்புகள், அவர் மறைவுக்குப் பின் ‘அல்ஹாவீ’ என்ற பெருநூலாகத் தொகுக்கப்பட்டன. ஸர்ஸாம் வருமுன் தோன்றும் அறிகுறிகளை அவர் அதில் அடுக்குகிறார். தலையிலும் கழுத்திலும் நாட்கணக்கில் விடாத வலி, வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்கும் கண், நீர் வடிதல், உறக்கமின்மை, மிகுந்த சோர்வு. இன்றைய மருத்துவர் நோயாளியின் படுக்கையருகே நின்று வினவும் கேள்விகளில் இரண்டு, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அங்கே இருக்கின்றன: கழுத்து வலிக்கிறதா? வெளிச்சம் கூசுகிறதா?

அதனினும் பெரிய செய்தி அடுத்து வருகிறது. இத்தகைய நோயாளிகளில் ஒரு கூட்டத்தாருக்குத் தாம் குருதி வாங்கிச் சிகிச்சை செய்ததாகவும், மற்றொரு கூட்டத்தாரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாது விட்டதாகவும், ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வருவதற்காகவே இப்படிச் செய்ததாகவும் ராஸி எழுதுகிறார். குருதி வாங்குவது இந்நோய்க்கு மருந்தன்று என்பது இன்று தெளிவு. எனவே அவர் கண்ட முடிவு நிலைக்கவில்லை. ஆனால், முன்னோர் சொன்னார் என்பதற்காக ஏற்காமல், இரு கூட்டத்தாரை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற அவருடைய வழி நிலைத்துவிட்டது. மருத்துவ ஆய்வின் வரலாறு எழுதுவோர் இந்தப் பகுதியைத் தேடிப்பிடித்துப் போற்றுவது அதனால்தான்.

ஜெனீவாவும் வியன்னாவும்

கொள்ளை நோயாகப் பரவும் மூளைச்சவ்வு அழற்சியை முதன்முதலில் தெளிவாக எழுதிவைத்தவர் ஜெனீவா நகரின் மருத்துவர் வியூஸோ. ஆண்டு 1805. வசந்த காலத்தில், நகருக்கு வெளியே ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பகுதியில், நலமாயிருந்த குழந்தைகள் திடீரென்று காய்ச்சலும் தலைவலியும் வாந்தியும் கண்டு ஓரிரு நாளில் மாண்டுபோயினர். மறு ஆண்டே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் அதே நோய் தோன்றிற்று. காரணம் எவருக்கும் தெரியவில்லை.

காரணம் தெரிய மேலும் 80 ஆண்டுகள் ஆயின. 1887இல் வியன்னா மருத்துவர் வைக்செல்பாம், இறந்தோரின் மூளைச்சவ்வு நீரில் இரண்டிரண்டாக ஒட்டிக்கிடந்த நுண்கிருமியைக் கண்டார். அதுவே மெனிஞ்சோகாக்கஸ். 1891இல் ஜெர்மானியரான குவின்க்கெ, நோயாளியின் இடுப்பெலும்புகளுக்கிடையே ஊசி செலுத்தி அந்த நீரை எடுத்துப் பார்க்கும் முறையை வகுத்தார். முதுகில் நீர் எடுப்பது என்றால் இன்றும் நம் மக்கள் அஞ்சுகின்றனர், முடமாகிவிடும் என்கின்றனர். அந்த அச்சம் வீணானது. ஊசி செல்லும் இடத்தில் தண்டுவடம் இல்லை. அதற்கும் மேலேயே அது முடிந்துவிடுகிறது. எந்தக் கிருமி, எந்த மருந்து என்று முடிவு செய்யச் சிறந்த வழி அதுவே.

மருந்து மெதுவாகவே வந்தது. 1913இல் நியூயார்க்கின் ஃபிளெக்ஸ்னர், குதிரையின் குருதியிலிருந்து எடுத்த ஊனீரைக் கொண்டு ஏறத்தாழ 1,300 பேருக்குச் சிகிச்சை அளித்த விவரத்தை வெளியிட்டார். அதற்கு முன் நோயுற்றோரில் பெரும்பாலோர் இறந்தனர். இப்போது மூவரில் இருவர் பிழைத்தனர். 1930களில் சல்ஃபா மருந்துகளும், 1940களில் பென்சிலினும் வந்தன. மரணம் பின்வாங்கிற்று. ஆயினும் முற்றிலும் விலகவில்லை. சிகிச்சை பெற்றும், பாக்டீரியாக் கிருமியால் இந்நோய் கண்டோரில் ஆறில் ஒருவர் இறப்பதாகவும், பிழைத்தோரில் ஐவரில் ஒருவர் செவிட்டுத்தன்மை, வலிப்பு, கைகால் இழப்பு போன்ற கேடுகளுடன் வாழ்வதாகவும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

வறண்ட காற்றின் நிலம்

மருந்து வந்த பின்னும் இந்நோய் தன் கொடியை நாட்டிய நிலம் ஒன்றுண்டு. மேற்கே செனகல் முதல் கிழக்கே எத்தியோப்பியா வரை, ஸஹாராப் பாலைக்குத் தெற்கே நீளும் அகன்ற பட்டை அது. பெரும்பகுதி முஸ்லிம்கள் வாழும் பூமி. 1963இல் பிரெஞ்சு மருத்துவர் லாபெசோனி, இதற்கு ‘மெனிஞ்சைட்டிஸ் வளையம்’ என்று பெயரிட்டார். டிசம்பர் முதல் ஜூன் வரை, பாலையிலிருந்து தூசி சுமந்த வறண்ட காற்று அங்கே வீசும். தொண்டையும் மூக்கும் வறண்டு புண்ணாகும். குளிர்ந்த இரவில் ஒரே குடிசையில் பலர் நெருங்கி உறங்குவர். கிருமிக்கு வேறென்ன வேண்டும்? முதல் மழை விழுந்ததும் நோய் அடங்கிவிடும். அடுத்த வறட்சிக்குக் காத்திருக்கும். 1996, 1997 ஆகிய ஈராண்டுகளில் மட்டும் அங்கே 2,50,000 பேருக்கு மேல் நோயுற்றனர்; 25,000 பேர் மாண்டனர்.

இந்தக் கிருமியின் இயல்பு ஒன்றை இங்கே நெஞ்சில் நிறுத்த வேண்டும். இதன் இருப்பிடம் மனிதனின் மூக்கும் தொண்டையும் மட்டுமே. நீரில் வாழ்வதில்லை, கொசுவில் வாழ்வதில்லை, விலங்குகளிடமும் இல்லை. சாதாரண காலத்தில்கூட நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை இதனைத் தொண்டையில் சுமந்துகொண்டே, ஒரு நோயுமின்றி நடமாடுகின்றனர். இருமலிலும் தும்மலிலும் எச்சிலிலும் அது அடுத்தவரிடம் செல்கிறது. அங்கும் பெரும்பாலும் தொண்டையிலேயே தங்கிவிடுகிறது. எவரோ ஒருவரில் மட்டும் அது குருதியில் புகுந்து, மூளைச்சவ்வை எட்டிவிடுகிறது. ஆகவே நோயைக் கொண்டுவந்தவர் நோயாளியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நலமே உருவான ஒருவர் புன்னகையோடு கொண்டுவந்து தரலாம்.

ஹிஜ்ரி 1407

இனி மக்காவுக்கு வருவோம்.

1983இல் நேபாளத்தின் காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் ‘ஏ’ வகைக் கிருமியால் இந்நோய் பரவிற்று. அதே ஆண்டுகளில் நம் டில்லியும் அதன் கொடுமையைக் கண்டது. 1985இல் அங்கே 6,000 பேருக்கு மேல் நோயுற்று, ஏறத்தாழ 800 பேர் இறந்தனர். 1987 ஆகஸ்டில், ஹிஜ்ரி 1407ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது, மக்காவில் நோய் வெடித்தது. ஹாஜிகள் பலர் அங்கேயே வீழ்ந்தனர். வேறு பலர் ஊர் திரும்பிய பின் வீழ்ந்தனர். மறு ஆண்டு சாட் நாட்டிலும் சூடானிலும் பெருங்கொள்ளை நோய். சூடானில் மட்டும் 30,000 பேருக்கு மேல் பாதிப்புற்றனர். காத்மாண்டுவிலும் மக்காவிலும் சாட் நாட்டிலும் எடுத்த கிருமிகளைச் சோதனைச் சாலையில் ஒப்பிட்டபோது, அவை யாவும் ஒரே வம்சத்தவை என்பது புலனாயிற்று.

இதைக் கூறும்போது எம் உள்ளம் வருந்தத்தான் செய்கிறது. அல்லாஹ்வின் விருந்தினராய் வந்தவர்கள் வழியே இப்படி நிகழ்ந்ததா என்று கேட்கத் தோன்றும். கிருமிக்கு ஹாஜி என்றும் படைவீரன் என்றும் வேற்றுமை தெரியாது. உலகப் போர்க் காலத்து ராணுவக் கொட்டடிகளிலும், கல்லூரி விடுதிகளிலும் இதே நோய் இதே முறையில் பரவியிருக்கிறது. நெருக்கம் எங்கே உண்டோ அங்கே அது உண்டு. மினாவின் கூடாரத்தைவிடவும், தவாஃபின் வட்டத்தைவிடவும் நெருக்கமான இடம் பூமியில் எங்கே இருக்கிறது?

சவூதி அரசு வாளாவிருக்கவில்லை. மறு ஆண்டு முதலே ‘ஏ’, ‘சி’ ஆகிய இருவகைக் கிருமிகளைத் தடுக்கும் ஊசியை ஹாஜிகளுக்குக் கட்டாயமாக்கியது. ‘ஏ’ வகை பின்வாங்கிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2000 மார்ச்சில், ஹிஜ்ரி 1420ஆம் ஆண்டு ஹஜ்ஜில், எவரும் பொருட்படுத்தாதிருந்த ‘டபிள்யூ-135’ என்னும் வகை தலைதூக்கிற்று. பூட்டிய கதவை விட்டுவிட்டுத் திறந்திருந்த சன்னல் வழியாக அது நுழைந்தது. ஹாஜிகளும் அவர்களைச் சேர்ந்தோருமாக 16 நாடுகளில் 400 பேருக்கு மேல் நோயுற்றனர். ஈராண்டுகளில் இவ்வகையே ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாஸோவில் ஏறத்தாழ 13,000 பேரைத் தாக்கிற்று. 2002 முதல் ‘ஏ’, ‘சி’, ‘டபிள்யூ’, ‘ஒய்’ ஆகிய நான்கு வகைகளையும் தடுக்கும் ஊசி கட்டாயமாயிற்று. ஹாஜிகள் இன்று போட்டுக்கொள்வது இந்த நால்வகை ஊசியையே. அதற்குப் பின் ஹஜ்ஜில் அத்தகைய பெருந்தொற்று ஏற்படவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

வீடு வரை வந்த கிருமி

2000ஆம் ஆண்டு நிகழ்ச்சியில் பிரிட்டனிலிருந்து வந்த செய்தியே எம்மை மிகவும் உலுக்கிற்று. அங்கே நோயுற்றோரில், ஹஜ்ஜுக்குச் சென்றவர்களைவிட அவர்களுடைய வீட்டாரும் அவர்களோடு பழகியோருமே மிகுதி. சென்றவர் நலமாய்த் திரும்பினார். முஸாஃபஹா செய்தார், கட்டித் தழுவினார், பேரப்பிள்ளைகளை முத்தமிட்டார். வீழ்ந்தவர் வீட்டில் இருந்தவர்.

2001இல் சிங்கப்பூரிலிருந்து சென்று திரும்பிய ஹாஜிகளின் தொண்டையைச் சோதித்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேரிடம் அந்த ‘டபிள்யூ-135’ கிருமி குடியிருந்தது. அவர்களில் எவரும் நோயாளியல்லர். அனைவரும் நால்வகை ஊசி போட்டவர்களே. ஊசி அவர்களைக் காத்தது. ஆனால் தொண்டையில் கிருமி தங்குவதைத் தடுக்கவில்லை. அக்காலத்து ஊசி, கிருமியின் மேலுறையிலுள்ள சர்க்கரைப் பொருளை மட்டும் கொண்டு செய்யப்பட்டது. அதன் பயன் மூன்று ஆண்டளவே நிற்கும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் சரிவரப் பலிக்காது. அந்தச் சர்க்கரைப் பொருளை ஒரு புரதத்தோடு பிணைத்துச் செய்யும் புதிய ஊசி, நீண்ட நாள் காப்பதோடு, தொண்டையில் கிருமி தங்குவதையும் குறைக்கக்கூடியது. முன்னது போட்டவரைக் காக்கிறது. பின்னது அவர் வீட்டாரையும் காக்க முற்படுகிறது.

இது பழங்கதை என்று எவரும் எண்ண வேண்டா. 2024 ஏப்ரல், மே மாதங்களில், உம்ரா சென்று திரும்பியோரையும் அவர்களுடன் பழகியோரையும் சேர்த்து அமெரிக்காவிலும் பிரான்சிலும் பிரிட்டனிலுமாகப் பன்னிரண்டு பேருக்கு இந்நோய் கண்டது. ஊசி போட்டார்களா இல்லையா என்று அறிய முடிந்தவர் ஒன்பது பேர்; ஒன்பது பேருமே போடாதவர்கள். ஹஜ்ஜுக்குச் செல்வோருக்கு முகாம் உண்டு, சோதனை உண்டு, கெடுபிடி உண்டு. உம்ராவுக்கோ ஏஜென்ட் ஒருவரிடம் பணம் கட்டிவிட்டு அடுத்த வாரமே விமானம் ஏறிவிடுகிறோம். சவூதி அரசின் விதி இருவருக்கும் பொது என்பதையும், ஊசி பலன் தருவதற்குப் பத்து நாட்கள் முன்னதாகவே போட வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறோம்.

பூனாவில் பிறந்த மருந்து

ஆப்பிரிக்க வளையத்தின் கதையில் நம் நாட்டுக்குப் பெருமை தரும் பகுதி ஒன்றுண்டு. பிணைப்பு ஊசியை ஐரோப்பியர் 1999இலேயே தம் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கிவிட்டனர். ஆப்பிரிக்காவைக் கொன்றுகொண்டிருந்த ‘ஏ’ வகைக்கு அத்தகைய ஊசி செய்வார் இல்லை. வாங்குவோர் ஏழைகள், இலாபம் வராது. ஓர் ஊசி அரை டாலருக்கு மேற்படக் கூடாது என்று ஆப்பிரிக்க நாட்டினர் கேட்டுக்கொண்டனர். உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையுடன் அதைச் செய்ய முன்வந்தது பூனாவிலுள்ள சீரம் இன்ஸ்டிட்யூட். 2010 டிசம்பரில் புர்கினா ஃபாஸோ, மாலி, நைஜர் ஆகிய முஸ்லிம் நாடுகள் மூன்றிலும் அந்த ஊசி போடும் இயக்கம் தொடங்கிற்று. மசூதி இமாம்களும் ஊர்த் தலைவர்களும் மக்களை அழைத்துவந்தனர். இதுவரை 30 கோடிப் பேருக்கு மேல் போட்டுக்கொண்டனர். 2017க்குப் பிறகு அந்த வளையத்தில் ‘ஏ’ வகை நோயாளி ஒருவர்கூட உறுதிப்படுத்தப்படவில்லை. நூறாண்டுக் கொடுமை ஒன்று ஏழே ஆண்டுகளில் அடங்கிற்று. மற்ற வகைகள் அங்கே இன்னும் உள்ளன. அவற்றையும் சேர்த்து ஐவகையைத் தடுக்கும் ஊசியை 2024இல் நைஜீரியா முதலில் ஏற்றது. அதுவும் பூனாவில் செய்ததே.

அடையாளங்கள்

மெனிஞ்சோகாக்கஸ் ஒன்று மட்டுமே இந்நோய்க்குக் காரணமில்லை. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸும், ஹிப் எனப்படும் கிருமியும் குழந்தைகளைத் தாக்கும். காசநோய்க் கிருமியும் மூளைச்சவ்வை எட்டும். அப்போது நோய் வாரக்கணக்கில் மெல்ல மெல்லப் பற்றும். வைரஸ்களால் வருவது பெரும்பாலும் தானே தணியும். எது எவ்வகை என்று வீட்டில் இருந்துகொண்டு தீர்மானிக்க எவராலும் இயலாது. நாம் அறிய வேண்டியவை ஆபத்தின் அடையாளங்களே.

பெரியவர்களிடமும் வளர்ந்த பிள்ளைகளிடமும்: திடீர்க் காய்ச்சல்; முன்பு அறியாத கடுந்தலைவலி; வாந்தி; முகவாயை மார்பில் தொடவிடாத கழுத்து விறைப்பு; வெளிச்சம் கூசுதல்; பிதற்றல்; எழுப்பினால் எழாத மயக்கம்; வலிப்பு. கைக்குழந்தைகளிடம் கழுத்து விறைப்பு தெரியாமலே போகலாம். பால் குடிக்க மறுத்தல், கீச்சிட்ட அழுகை, துவண்டு கிடத்தல், உச்சிக்குழி புடைத்தல் ஆகியவற்றைத் தாய்மார் கவனிக்க வேண்டும். உடலில் சிவந்த அல்லது ஊதாப் புள்ளிகள் தோன்றினால், கண்ணாடிக் குவளை ஒன்றை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் மறையாத புள்ளி, குருதியில் கிருமி கலந்ததன் அறிகுறி. நம்மைப் போன்ற கருநிறத்தாரிடம் அதனை உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம் ஆகிய இடங்களில் தேட வேண்டும். புள்ளி வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. அது வராமலே நோய் முற்றுவதுண்டு.

ஓர் இரவு

எம்மைத் தூண்டிய நிகழ்ச்சி என்று தொடக்கத்தில் சொன்னதை இனிக் கூறுகிறோம்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நாம் சிற்றூர் ஒன்றின் மதரஸாவில் ஓதிக்கொடுத்துவந்தோம். எட்டு வயது மாணவன் ஒருவன்; அம்ம ஜுஸ்உவை முடித்திருந்தான்; இனிய குரல். ஒரு நாள் மஃரிபுக்குப் பின் அவன் தந்தை அவனைத் தோளில் சுமந்து வந்தார். காய்ச்சல், இரண்டு முறை வாந்தி. தலை வலிக்கிறது என்று முனகினான். விளக்கு வெளிச்சம் படாமல் முகத்தைத் தந்தையின் தோளில் புதைத்துக்கொண்டான். நாம் ஓதி ஊதினோம். தண்ணீரும் ஓதிக் கொடுத்தோம். பட்டணத்து மருத்துவமனைக்குப் போகலாமா என்று தந்தை கேட்டார். “ஃபஜ்ர் வரை பார்ப்போம்” என்றோம்.

ஃபஜ்ருக்கு அவன் கண் திறக்கவில்லை. பட்டணத்துக்குக் கொண்டு சென்றார்கள். முதுகில் நீர் எடுத்தார்கள். மூளைச்சவ்வு அழற்சி என்றார்கள். இரண்டு வாரம் கழித்து, அல்லாஹ்வின் கிருபையால், பிழைத்து வந்தான். செவி இரண்டும் போயிருந்தன. மீண்டும் மதரஸாவுக்கு வந்து அமர்ந்தபோது, ஓதும் எம் உதடுகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தந்தை எம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எமக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஓதியதில் தவறில்லை, இன்றும் நாம் ஓதவே செய்கிறோம். “ஃபஜ்ர் வரை பார்ப்போம்” என்ற சொல்லே தவறு. அன்றிரவே சென்றிருந்தால் செவி பிழைத்திருக்குமா என்பதை அல்லாஹ் அறிவான். ஆனால் வெளிச்சத்துக்கு ஒதுங்கும் கண்ணை ராஸி எழுதிவைத்திருக்கிறார். நாம் அரபு கற்றவர். அந்த ஏட்டை அன்று வரை புரட்டியதில்லை.

ஸர்கிலிருந்து திரும்பியவர்

ஊசியும் மருந்தும் தவக்குலுக்கு எதிரானவையோ என்று கேட்போர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வரலாற்றை நினைவூட்டுவோம். ஹிஜ்ரி 18ஐ ஒட்டி, ஷாம் நாட்டுக்குப் புறப்பட்ட அவர்கள், எல்லையிலுள்ள ஸர்க் என்னும் இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளை நோய் பரவியிருப்பதை அறிந்தார்கள். தோழர்களிடம் ஆலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) விடையளித்தார்கள். பள்ளத்தாக்கின் ஒரு கரை பசுமையாகவும் மறு கரை வறண்டும் இருந்தால், ஒட்டகத்தை எங்கே மேய்த்தாலும் அது விதிப்படியே அன்றோ என்று உவமையும் கூறினார்கள். பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், கொள்ளை நோயுள்ள ஊருக்குள் செல்லவும், அங்கிருந்து தப்பி ஓடவும் வேண்டாமென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டலை எடுத்துரைத்தபோது, கலீஃபாவின் முடிவு அதனோடு பொருந்தியிருக்கக் கண்டு அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள்.

நம் வீட்டுப் பசுங்கரை எது? பிறந்த குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி. ஊசி, காசநோயால் வரும் மூளைச்சவ்வு அழற்சியிலிருந்து காக்கிறது. ஹிப் கிருமியைத் தடுக்கும் ஐந்து நோய்த் தடுப்பூசியை 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் ஏற்ற மாநிலங்கள் தமிழகமும் கேரளமும். நிமோகாக்கஸ் ஊசி 2021 முதல் நாடெங்கும் குழந்தைகளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. இவற்றைத் தவணை தவறாமல் போடுதல் வேண்டும். ஹஜ்ஜுக்குச் செல்வோர் மட்டுமின்றி, உம்ராவுக்குச் செல்வோரும் உரிய நாளில் நால்வகை ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். பிணைப்பு ஊசி கிடைக்குமாயின் அதுவே மேல். நெரிசலில் முகத்தை மூடிக்கொள்வதும், ஒரே குவளையில் பலர் குடியாதிருப்பதும் நலம். திரும்பி வந்த பத்து நாளுக்குள் வீட்டில் எவருக்கேனும் மேற்சொன்ன அறிகுறி கண்டால், எங்கிருந்து வந்தோம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒருவருக்கு மெனிஞ்சோகாக்கஸ் நோய் உறுதியானால், உடன் வாழ்வோர் தொண்டையிலுள்ள கிருமியை அகற்றும் மருந்தை மருத்துவர் தருவார். நமக்கு ஒன்றுமில்லையே என்று அதனை மறுக்கலாகாது. பிழைத்தெழுந்த குழந்தைக்குத் தாமதமின்றிச் செவிச் சோதனை செய்ய வேண்டும்.

ஹாஜி திரும்பி வரும் நாளில் வீடு நிறைந்திருக்கும். ஜம்ஜம் நீரும் பேரீச்சம்பழமும் கை மாறும். குழந்தைகள் அவர் மடியில் ஏறிக்கொள்வார்கள். அவர் கொண்டுவந்தவற்றில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருந்துவிடலாகாது என்பதற்காகவே, பல வாரங்களுக்கு முன் அவர் கையில் அந்த ஊசி ஏறிற்று. அடுத்த முறை “என்ன ஊசி அது?” என்று எவரேனும் கேட்டால், மடியிலிருக்கும் அந்தப் பிள்ளையைக் காட்டி, “இவனுக்காக” என்று சொல்லுங்கள்.